கைமாத்து

விண்டர்தூரில் எங்கள் கட்டடத்தில்
பதினொரு வீடு, துவைக்கும் அறை ஒன்று.
நிலவறைக் கதவில் அட்டவணை.
எனக்கு விழுந்தது வியாழன்.
அதுவும் ஒன்றுவிட்ட வியாழன்,
ஒன்றுவிட்ட தம்பி மாதிரி
இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேலை இசக்கிக்குத்தான், ஆஸ்பத்திரியில்.
என் தாளில் 'உடன் வந்தவர்' என்று இருக்கிறது.
அழைப்புமணிப் பலகையில் ஒன்பது எழுத்துக்கே இடம்.
சுடலைமு என்பதோடு நின்றுபோனேன்.
மிச்சத்தை நான்தான் தினமும்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
பால் வாங்கப் போய்வருகிறேன்.

முதல் மூன்று மாதம்
வீட்டுக்கு வெளியே பேசியதை எண்ணிவந்தேன்.
வாரத்துக்குப் பதினான்கு சொல்.
ஒன்பது 'க்ரூயெட்ஸி',
பாக்கி ஐந்தும் மன்னிப்பு.

ஒரு ஞாயிறு, விவரம் தெரியாமல்
மிஷினைப் போட்டுவிட்டேன்.
திங்கள் காலை கதவில் ஒரு சீட்டு.
அகராதியோடு அரைமணி நேரம் உட்கார்ந்தேன்.
ஞாயிறு அமைதி நாளாம்.
பஞ்சுச் சல்லடையை யாரோ துடைக்கவில்லையாம்.
மூன்று ஆச்சரியக்குறி.
கீழே: ரெகுலா, இரண்டாம் மாடி.

கோபம் வந்திருக்க வேண்டும்.
ஆனால் இந்த ஊரில்
கட்டணம் கேட்காமல் எனக்கு வந்த முதல் தாள் அது.
பின்பக்கத்தில் பதில் எழுதினேன்:
'ஞாயிறு மன்னிக்கவும். பஞ்சு மன்னிக்கவும்.'
மறுநாளும் அதே சீட்டு அங்கேயே,
ஒரு வேற்றுமை உருபு மட்டும் திருத்தப்பட்டு,
ஓரத்தில் கோணலாக ஒரு சிரிப்பு முகம்.

ஃபில்மோன் நான்காம் மாடி.
அஸ்மாராவில் பிறந்தவன், இங்கே டிராலிபஸ் ஓட்டுகிறான்.
உலர்த்தியில் நான் மறந்த சாரத்தை
மேசைவிரிப்பு என்று நினைத்து
எட்டாக மடித்து வாசலில் வைத்திருந்தான்.
நடையிலேயே, ஜீன்ஸுக்கு மேல், கட்டிக் காட்டினேன்.
பிறகு மடித்தும் கட்டினேன்,
சண்டைக்குப் போகிறவன் போல.
படியில் உட்கார்ந்துவிட்டான், சிரித்துச் சிரித்து.
இருவர் ஜெர்மனையும் கூட்டினால்
அன்று இருநூறு சொல் தேறியிருக்கும்.
அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

மாசியில் ஒரு புதன்கிழமை ராத்திரி
கதவைத் தட்டினான்.
மகளுக்கு எண்பதாம் நாள், ஞானஸ்நானம்.
ஸ்டுட்கார்ட்டிலிருந்து பதினான்கு பேர் வருகிறார்கள்.
அத்தனை போர்வை, அத்தனை துண்டு,
அவன் முறை வரவோ இன்னும் ஒன்பது நாள்.
'உன் வியாழனைத் தருவாயா?
திருப்பித் தந்துவிடுவேன்.'

கைமாத்து.
அந்தச் சொல்லை ஜெர்மனில் தேடினேன்.
கடன் இருந்தது, வட்டி இருந்தது,
தவணை, பிணை, கெடு, எல்லாம் இருந்தன.
பத்திரமும் சாட்சியும் இல்லாமல்
கேட்ட வாயும் கொடுத்த கையும் மட்டுமே அறிந்த ஒன்றுக்கு
எனக்குச் சொல் அகப்படவில்லை.
மரக்கட்டை கோத்த சாவியை
அவன் கையில் வைத்தேன்.

மறுநாள் எங்கள் வீட்டில்
குளியல் தொட்டியில் கையால் அலசியதெல்லாம்
ஹீட்டர் மேலும் நாற்காலி முதுகிலும்
சொட்டிக்கொண்டிருந்தது.
இரவுப் பணி முடிந்து வந்த இசக்கி
ஷூவைக் கழற்றாமலே கேட்டாள்,
'நம்ம வியாழன் எங்க?'
'கைமாத்தா குடுத்திருக்கேன்.'
'யாருக்கு?'
பத்துப் பவுனைத் தூக்கிக் கொடுத்தவனைப்
பார்ப்பது போலப் பார்த்தாள்.
பிறகு ஈரக் காலுறை ஒன்றை எடுத்து
என் தோளில் காயப் போட்டாள்.

கீழே அட்டவணையில்
என் பெயரிலிருந்து அவன் பெயருக்கு
பென்சிலால் ஓர் அம்புக்குறி.
இரண்டாம் மாடிக் கையெழுத்து.
ஆச்சரியக்குறி இல்லை.

அந்த வியாழன் இன்னும் திரும்பி வரவில்லை.
படியில் எதிர்ப்படும்போதெல்லாம்
ஃபில்மோன் நெஞ்சில் கைவைத்து
'வியாழன், வியாழன்' என்கிறான்.
இருக்கட்டும் என்கிறேன்.

நாங்கள் செலுத்த வேண்டியது
இந்த ஊரில் நிறைய இருக்கிறது.
எனக்கு வரவேண்டியது இந்த ஒன்றுதான்.
வாங்கிவிட்டால்
கணக்கு தீர்ந்துபோகும்.