உப்பு முப்பத்தைந்து

கல்லடியில் எனக்குக் கடல் முன்னூறு அடி.
நானோ கொழும்பிலிருந்து
வாளியில் அடைத்த உப்பை வரவழைத்துக்
கடல் கரைக்கிறேன்.
“ஓசிக்குக் கிடக்கிறதைக்
காசுக்கு வாங்கிற ஆளை இப்பதான் கா காணுறன்”
என்றாள் ஜெசிந்தா.

மார்கழியில் முகத்துவாரம் வெட்டினால்
வாவி முழுக்க வெளியே பாயும்,
கடல் தேத்தண்ணி நிறமாகும்.
அதை எப்படி ஊற்றுவது,
உப்பு முப்பத்தைந்தில் நிற்கவேண்டிய
ஒரு கல்லுக்கு?

பவளமாம். பகலில் பார்த்தால்
பாசி பிடித்த மூளை.
லேசில் சாகாது என்று தந்தான்
தொட்டியைக் கலைத்துவிட்டுக் கட்டாருக்குப் போன நிமலேசன்.
நான்தான் பயத்தில்
இடம் மாற்றினேன், விளக்கை உயர்த்தினேன், தாழ்த்தினேன்;
ஒரு ஓரம் வெளுத்தது.
மறுகா, கைகளைப் பின்னால் கட்டப் பழகினேன்.

கறண்ட் போன இரவு
அகப்பையால் அலை அடித்தோம்
மாறி மாறி, விடியும்வரை.
கோமாளி மீன் இரண்டும் செத்தன.
கல் கிடந்தது.

அது தின்பது சுண்ணாம்பு,
வடிகட்டிய நீரில் சொட்டுச் சொட்டாய்.
இந்த வாடகை வீட்டுச் சுவரும் சுண்ணாம்புதான்:
பாசிக்குடாப் பக்கம் கடற்கல் உடைத்துச்
சூளையில் சுட்ட காலத்துச் சுவர்.
காறை உதிர்ந்த இடத்தில்
சரியாய் வேகாத ஒரு துண்டு;
விரல் வைத்தால் பூப்பூவாய்க் குழிகள்.

விளக்கணைத்துப் பத்து நிமிடம்.
கல் வாய் திறக்கிறது,
நூல் நூலாய்க் கைகள் நீட்டி.
ஜெசிந்தா இறால் துணுக்கு வைக்கிறாள்,
ஊசிமுனையளவு.
“மெல்லக் கதையுங்க,
சுவருக்குக் கேக்கப்போகுது.”