கட்டில் கூலி

பியாஸ் ஆற்றங்கரையிலிருந்து மலைக்கு
ஒரு கயிற்றுக் கட்டிலை ஏற்றி வந்தேன்.
நாலு நாள். கோவேறு கழுதைக்கு
லாடம் ஒன்று போயிற்று.

'மஞ்சி' என்றார்கள் குருவின் ஆட்கள்.
கட்டில்தானே என்றேன்.
கட்டில்தான், ஆனால்
இதில் அமர்பவர் சொல்லை
இருபது ஊர் கேட்கும் என்றார்கள்.

யாரென்று பார்த்தால் கேமோ.
உப்பு வியாபாரியின் விதவை.
தராசு பிடித்துக் காய்த்த கை.
ஊர்த்தலைவன் முகத்தைச் சுளித்தான்.
முக்காடில்லாமல் நின்று
"இறக்கு" என்றாள்.

முதல் கூட்டத்துக்கு முந்தின இரவு பனி கொட்டியது.
தோல் பதனிடுபவர் குடிசையில் பாகோவுக்கு வலி;
தரையெல்லாம் ஈரம்.
கட்டிலின் ஒரு பக்கம் நான் தூக்கினேன்,
மறுபக்கம் கேமோ.
அந்த வாசலை அதுவரை நான் மிதித்ததில்லை.

காலையில் வெறுந்தரையில் உட்கார்ந்து
பாட்டைத் தொடங்கினாள்.
குரல் ஒன்றும் பிரமாதமில்லை.
"ஆசனம் எங்கே?" என்றான் தலைவன்.
"அதில் ஆள் இருக்கிறது."
யாரோ சிரித்தார்கள். நான்தான் போல.

பிறகு ஒரே வரிசையில் ரொட்டி, பருப்பு.
என் தோளை இடித்துக்கொண்டு
பாகோவின் புருஷன், கையில் சுண்ணாம்பு நாற்றம்.
எழுந்து போய்விடலாமென்று பார்த்தேன்;
பசி விடவில்லை.

பத்தாம் நாள் கட்டில் திரும்பியது,
நடுவில் கழுவியும் போகாத கறையோடு.
கேமோ அதன்மேல் ஏறி அமர்ந்து
தொய்ந்த கயிற்றை இழுத்து முறுக்கினாள்.

என் கூலியில் இரண்டு காசு பாக்கி.
கேட்கத்தான் வந்தேன்.
"இதைக் கொஞ்சம் பிடி" என்றாள்.
கயிற்று முனை இன்னும் என் கையில்.