பதினாலு வாட்

போடியில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.
ஊரே ஏலக்காய்.
பஸ் சீட்டில், ரூபாய் நோட்டில்,
மழைக்கு நனைந்த நாயின் முதுகில்கூட.
என் வாயிலிருந்து கிளம்பும் ஆவியை மட்டும்
தனியே பிரித்து யார் மோந்து பார்ப்பது?

சட்டம் வேண்டாமென்ற சாமான்.
பூப்பாறையிலிருந்து ஷிபின் கொண்டுவந்தான்,
ஜீப்பின் டூல் பெட்டியில்
ஸ்பேனர்களோடு ஒரு ஸ்பேனராக.
போடிமெட்டுச் செக்போஸ்ட்டில்
பெட்டியைத் திறந்த போலீஸ்காரர் தும்மினார்.
அவ்வளவுதான்.

திரவமும் அவன் கலந்ததுதான்.
கிளிசரின், ஏலக்காய் எசன்ஸ்,
பேக்கரிக்காரன் கொடுத்த வெண்ணிலா.
அசல் ஏல எண்ணெயே இருக்கே என்று
ரெண்டு சொட்டு விடப்போன கையைத் தட்டிவிட்டான்.
"எண்ணெய் நெஞ்சுல போய் உக்காந்தா
எந்திரிக்காது, மொக்கராசண்ணா."
பிறகு பதினைந்து நாள்
பீரோவின் இருட்டில், பட்டு வேட்டிக்குப் பின்னால்,
குப்பி ஊறியது.

சின்னத் திரை. ரெண்டு பொத்தான்.
கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும்,
அதற்குமேல் அது படிக்கவில்லை.
பத்து வாட்டில், ஷிபின் சொன்னான்,
தோல்தான் வரும். பச்சை. மூக்கு நுனியில் ஒரு குளிர்.
பதினாலில் விதை உடையும்.
இருபதுக்கு ஏறினால் ஏலம் ஒதுங்கிக்கொள்ளும்,
வெண்ணிலா வந்து நடுக்கூடத்தில் உட்காரும்.
முப்பது, பாயசம் அடிபிடித்த கல்யாண வீடு.
அப்புறம் பஞ்சுதான்.
பஞ்சுக்கு ஒரே ருசி.

"ஆமா, பச்சை" என்றேன்.
பொய்.

போன ஆடியில் காய்ச்சல் வந்து போனது.
போகும்போது மூக்கைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டது.
யாருக்கும் சொல்லவில்லை.
சாம்பிள் ரூமில் தினம் நாற்பது தட்டு.
எட்டு மில்லியைச் சல்லடை சொல்லும்,
நிறத்தைக் கண்,
ஈரத்தை, உடைக்கும்போது வரும் சத்தம்.
வாசனைக்கு மட்டும்
விருதுநகர் வியாபாரியின் புருவத்தைப் பார்த்து
எழுதிக்கொள்கிறேன்.
பதினோரு மாதம்.
விலை ஒரு ரூபாய் குறையவில்லை.

ராத்திரி மொட்டைமாடியில் கூட்டல் பொத்தானை அமுக்குவேன்.
பதினாறு, சூடு.
இருபத்திரண்டு, ஈரமான சூடு.
கருப்பட்டி கரைத்து ஒரு குப்பி போட்டேன்,
காயில் பணியாரச் சட்டிபோல் கறுத்ததுதான் மிச்சம்.

முப்பத்தெட்டில் இருமினேன்.
கண்ணில் தண்ணீர்.
தண்ணீருக்குப் பின்னால்
என்னமோ ஒன்று,
இஸ்திரிக் கடையில் மறந்துவைத்த காலர் மாதிரி,
நின்றது.

"ஷிபின், கருகுதுடா!"
"நிறுத்துங்க, பஞ்சு போச்சு."
"இல்லடா. கருகுது!"
போனில் அவன் எத்தனை தடவை திட்டினாலும்
நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முப்பத்தொன்றாம் தட்டு.
சாந்தன்பாறைக் காய், கொழுத்த காய்.
வியாபாரியின் புருவம் ஏறிவிட்டது.
நான் ரெண்டாம் தரம் எழுதினேன்.
"ஏன்யா, நல்லாத்தான இருக்கு?"
"தீஞ்ச வாடை."
அவர் மறுபடி மோந்தார். உதட்டைப் பிதுக்கினார்.
வர்க்கிச்சன் எஸ்டேட் பையன்தான்
தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
ஸ்டோர்ல ராத்திரி தூங்கிட்டேன் சாரே,
அம்பதுல நிக்க வேண்டிய சூடு
எழுபதுக்குப் போயிருச்சு.

அன்றைக்கு எனக்கு ஸ்பெஷல் டீ வந்தது.
வெந்நீராக இருந்தது.

ராத்திரி புதுப் பஞ்சு, புதுக் குப்பி.
ஷிபினே வந்து பதினாலில் வைத்துக் கொடுத்தான்.
மலை மேலே ஒரு லாரியின் வெளிச்சம்
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி தொலைந்து தொலைந்து வந்தது.
இழுத்தேன்.
"எப்படிண்ணா?"
"ஒண்ணுமே தெரியல."
அவனிடம் நான் சொன்ன முதல் உண்மை.

வாங்கி அவனும் ஒரு இழுப்பு இழுத்தான்.
குப்பியை விளக்கில் பிடித்துப் பார்த்தான்.
"சரிதான்" என்றான்,
"இன்னும் ஒரு வாரம் ஊறட்டும்."