தூண் மெஷின்

லியோன் நகரத்துத் தோல்கடைத் தெருவுக்கு
ராத்திரி பஸ் பிடித்துப் போய் இறங்கினேன்.
ஜாக்கெட்டின் உள்பையில் பதினோராயிரம் பேசோ.
கைப்பையில் பாதி தைத்த ஒரு குத்துச்சண்டைக் கையுறை,
கட்டைவிரல் இன்னும் வைக்காதது.

தட்டை மேடை மெஷினில் கட்டைவிரல் வைக்க முடியாது.
முடியும் என்பார்கள்.
அவர்கள் தைத்ததை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

ஃபுல்ஹென்சியோவின் கடையில்
தூண்மேல் ஊசி வைத்த பழைய மெஷின்கள் பதினாலு
கொக்குகள்போல ஒற்றைக் காலில் நின்றன.
பூட்ஸ் ஃபாக்டரி ஒன்று மூடியபோது வாங்கியவையாம்.
"தைத்தே பாருங்கள், சென்யோரா" என்று
மெல்லிசான ஆட்டுத்தோல் துண்டை நீட்டினார்.
ஆட்டுத்தோலில் எல்லா மெஷினும் நல்ல பிள்ளை.
நான் என் கையுறையை எடுத்தேன்:
மாட்டுத்தோல் இரண்டு மடிப்பு, நடுவே பட்டி, உள்ளே துணி.

முதல் மெஷின் முனகியது.
இரண்டாவது, வளைவில் ஒரு தையலை விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் அடுத்ததைப் போட்டது.
கண்ணுக்கு அது அகப்படாது,
நகத்தால் தடவ வேண்டும்.
ஆறாவது,
சாம்பல் பெயின்ட் உரிந்து,
தலையில் யாரோ ஒட்டிய குவாதலூப்பே மாதா பாதி கிழிந்து,
டக் டக் டக்கென்று மடிப்பின்மேல் ஏறி இறங்கியது,
படிக்கட்டுப் பழகிய கழுதை.

முகத்தைச் சுளித்துக்கொண்டேன். பேரம் அங்கேதான் தொடங்கும்.
"கிளட்ச் மோட்டார். தொட்டாலே பாயும். சர்வோ மாற்றிக் கொடுங்கள்."
"சர்வோ தனி விலை."
"பாபின் மூடியில் கீறல்."
"அது கீறல் இல்லை, சர்வீஸ்."
மூடியைத் திறந்தேன்.
உள்ளே சிவப்பு நூல், முக்கால் சுற்று.
எந்த பூட்ஸின் பாதித் தையலில் சங்கு ஊதினார்களோ.
அதற்குமேல் குறைத்துக் கேட்க வாய் வரவில்லை.
எண்ணூறு பேசோ அதில் போயிற்று.

மிச்சத்தில்
முக்கோண முனை ஊசி இரண்டு பாக்கெட்,
கறுப்பு நைலான் நூல் ஒரு கோன்,
டெசிமீட்டர் கணக்கில் பாதித் தோல் ஒன்று.
முள்கம்பி கிழித்த தழும்பு குறுக்கே ஓடியதால் மலிவு.
தழும்பை மணிக்கட்டுப் பக்கம் வெட்டிக்கொள்ளலாம்,
அங்கே யாரும் குத்து வாங்குவதில்லை.

மெக்சிகோ நகரில் என் வீடு நாலாவது மாடி.
ஜிம் பையன்கள் மெஷினைத் தூக்கி வந்தார்கள்.
மேசையை நிகானோர் ஒருவனே,
மூன்றாம் மாடியில் ஒரு தடவை நின்று
எங்கள் வீட்டுக்கதவைத் திட்டிவிட்டு.
கூலி வேண்டாமாம். சனிக்கிழமைச் சண்டைக்குக் கையுறை வேண்டுமாம்.
மறுநாளே எதிர் ஜிம்மிலிருந்து ஓர் ஆள் வந்தார்,
உரியேலுக்கும் ஒரு ஜோடி, அதே சனிக்கிழமைக்கு.
முன்பணம் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சிவப்பு நூலை ஓட்டிப் பார்த்தேன்.
நாலு விரற்கடைகூடப் போகாமல் அறுந்தது.
உளுத்த நூல். பாபினைக் காலி செய்து கறுப்பைச் சுற்றினேன்.

கையுறையை உள்புறம் வெளியே வைத்துத் தைக்க வேண்டும்.
முடிந்ததும் மரக்குச்சியால் குத்திப் புரட்ட வேண்டும்.
புரட்டும்வரை
எந்தக் கை யாருடையது என்று எனக்கே தெரியாது.
ஒரு தடவை கட்டைவிரல் அரை விரற்கடை தள்ளி விழுந்தது.
பிரித்தேன். தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான்,
வரிசையாகப் பதினோரு ஓட்டை என்னைப் பார்த்தது.
புதுத்துண்டு வெட்டினேன்.

சனிக்கிழமை, இரண்டாம் வரிசை நாற்காலி.
நாலு கையிலும் ஒரே மாட்டின் தோல்.
ஆறாவது ரவுண்டில் கூட்டம் எழுந்தது.
நான் மட்டும் உட்கார்ந்தே
ஒரு கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்த பிறகு உள்ளறைக்குப் போனேன்.
நிகானோரின் இடது கண் மூடியிருந்தது.
வெட்டிய கயிற்றோடு கையுறை மடியில் கிடந்தது.
எடுத்து, கட்டைவிரல் வளைவில்
நகத்தை வைத்து மெதுவாகத் தடவினேன்,
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

"பரவாயில்லை, எரெந்திரா," என்றான்,
நான் அவனுக்காகத் தடவுகிறேன் என்று நினைத்து.