மஞ்சள் கருக் கணக்கு

வெள்ளை அவளுக்கு, மஞ்சள் எனக்கு.
பதிலுக்குத் தினம் இரண்டு ரொட்டி.
எழுதிக்கொள்ளாத ஒப்பந்தம்.
ட்ரியெஸ்தே துறைமுகத்தில், மீன்சந்தைக்குப் பின்னால்,
கீழே என் அடுப்பு,
மேலே ஓத்தீலியா மார்சிச்சின் கண்ணாடிக் கூரை.

முட்டை வெள்ளையை உப்போடு நுரைக்க அடித்துக்
காகிதத்தில் பூசினால்தான் முகம் பிடிக்குமாம்.
எனக்கென்ன தெரியும்?
காலை ஆறு மணிக்கு வாளி படியிறங்கி வரும்.
ஈஸ்டர் பின்சா என் கடையில் மட்டும்
வெயில் நிறத்தில் வெந்த ரகசியம் அவ்வளவுதான்.

முதல் வருடம் நாளுக்கு ஒரு டஜன்.
ஊரில் மற்ற படக்காரர்கள் எல்லாம்
வந்தவர் பிடரியில் இரும்புக் கவ்வி மாட்டுவார்கள்,
அசைந்தால் படம் கெட்டுவிடும் என்று.
அவள் தன் கவ்வியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்:
"அடுப்புக் கதவுக்கு முட்டுக் கொடுங்கள், பொர்த்தலோ.
மூச்சு விடாத முகத்தை வைத்து
நான் என்ன செய்யட்டும்?"

மூச்சு விட்டார்கள். படம் கலங்கியது.
காப்பி வியாபாரி ஜெரோலிமிச்
மூக்கின் விளிம்பைக் காணோம் என்று காசு தர மறுத்தார்.
அந்த மாதம் கரு எட்டுக்கு இறங்கியது.

போரா காற்று வீசும் நாளில்
மனிதர்கள் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நடப்பார்கள்.
கூரை அதிரும், வெளிச்சம் அதிரும்.
அப்போதுதான் அவள் ஆள் அனுப்பி முகங்களை அழைப்பாள்.
பைத்தியம், என்றாள் என் மனைவி,
தலை சீவிக்கொண்டே மேலே போகும்போது.

கார்ஸ்ட் மேட்டிலிருந்து பால் சுமந்து வருகிற உர்ஷாவை
ஒரு நாள் சன்னலோரம் நிறுத்தினாள்.
தாழ்ந்த இமை, கன்னத்தில் ஒரு கோடு ஒளி.
அடியில் "துயரம்" என்று எழுதி கிராட்ஸ் கண்காட்சிக்கு அனுப்ப,
பதக்கம் வந்தது. பத்திரிகைக்காரன் வந்தான்.
ஒரே வாரத்தில் கரு பத்து டஜன்.
இருட்டும்வரை பிசைந்தேன்.

செய்தி மேட்டுக்கும் ஏறியிருக்கிறது.
உர்ஷா பால்குடத்தை என் கல்லாமேல் வைத்துவிட்டுப் படியேறினாள்.
கதவு திறந்தே இருந்ததால் தெருவே கேட்டது:
"துயரமா? எனக்கா?
அன்றைக்குச் செருப்பு கடித்தது, அம்மா.
இடது கால். புதுச் செருப்பு.
வீட்டில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்."

அதற்குப் பிறகு சத்தமில்லை, அரை மணி நேரம்.
உர்ஷா இறங்கியபோது கையில் ஒரு படமும்
ஐந்து புளோரினும் இருந்தன.
பால் திரிந்திருந்தது. அதற்கும் என்னிடமே சண்டை.

அன்றோடு படங்களுக்குத் தலைப்பு நின்றது.
கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஊசியால் கீறுவாள்,
உட்கார்ந்தவர் கடைசியாகச் சொன்னதை:
பசிக்கிறது.
மாமியார் வெளியே நிற்கிறாள்.
இன்னும் எவ்வளவு நேரம்?
கிராட்ஸ் மறுபடி கூப்பிடவே இல்லை.

என்னையும் ஒரு முறை எடுத்தாள், மாவு பிசையும்போது.
முகம் இருக்கிறது. கைகள் இல்லை,
அங்கே ஒரு வெள்ளைப் புகை.
ஓரத்தில்: ஏதோ கருகுகிறது.
கருகியது உண்மைதான். நாற்பது பன்.

பிறகு தொழிற்சாலைக் காகிதம் வந்தது, பெட்டி பெட்டியாக.
அதற்கு முட்டை வேண்டாம்.
ஒரு திங்கட்கிழமை வாளி இறங்கவில்லை.
முழு விலைக்கு முட்டை வாங்கினேன்.
இப்போது வெள்ளை என்னிடம் மிஞ்ச,
என்ன செய்வதென்று தெரியாமல் சர்க்கரை போட்டு அடித்தேன்.

ரொட்டி இரண்டும் வழக்கம்போல் மேலே போயின.
திரும்பி வந்தன, துண்டுச் சீட்டோடு:
"கணக்கு முடிந்துவிட்டது."
வெள்ளி மருந்து கறுப்பாக்கிய விரலின் ரேகை
சீட்டின் மூலையில்.
பின்பக்கம் எழுதி அனுப்பினேன்:
"கவ்விக்கு வாடகை."

ரொட்டி அதன்பின் திரும்பவில்லை, பதினாறு வருடம்.

கவ்வி இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
அசையாது. அதன் குணம் அது.