நாலாம் பங்கின் உச்ச நேரம்

பள்ளத்தூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு
ஏழு பங்காளிகள், ஏழு மீட்டர்.
பேச்சுவார்த்தை அறுந்த சொந்தங்கள்
ஒரே போட்டோவில் நிற்பதுபோல்
ஒரே பலகையில் வரிசையாக.
நாலாம் பங்கின் பின்கட்டில் இரண்டு அறை,
ஒரு கிரைண்டர், என் வாடகை.

சித்திரையில் பழசைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள்.
வெள்ளை அட்டையில் எழுத இனி ஆள் வராது.
சிவப்புப் புள்ளி ஒன்று
விட்டு விட்டு மினுங்கும்,
எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல.

ஆவணியில் பெனிட்டா வந்தாள்,
கையில் டேப்லெட், காலெல்லாம் செம்மண்.
ஆறு மாதச் சோதனை என்றாள்.
மாலை ஆறிலிருந்து பத்துவரை யூனிட் இரட்டை விலை,
பத்துக்குமேல் விடியும்வரை பாதி.
யாருக்குப் புது விலை, யாருக்குப் பழசு என்று
கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கியதாம்.
எனக்கு விழுந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் மீனாளுக்கு விழவில்லை.
"அவங்க ஒப்பீட்டுக் குழு."
அன்று முழுக்க மீனாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.
ஏதோ சலுகை கைதவறிவிட்டதென்று அவளுக்கு.

பொய் சொல்லக் கூடாது, நானும் முயன்றேன்.
வாஷிங் மெஷின் பதினொன்றுக்குப் போனது,
தண்ணி மோட்டார் நாலரைக்கு.
வெள்ளைப் பணியாரத்துக்கு அரைப்பதில் வம்பில்லை,
அது புளிக்க வேண்டியதில்லை,
நடுச்சாமத்தில் எழுப்பினாலும் எழும்.
இட்லி மாவுதான்.
பத்தரைக்கு அரைத்து வழித்து வைத்தால்
விடியற்காலை குண்டானைத் திறக்கையில்
வைத்த மட்டத்திலேயே கிடக்கிறது, உம்மென்று.
கார்த்திகைக் குளிரில் அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும்.
பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு ஐந்தரைக்கு வேண்டும்.
வாரியத்துக்குப் பத்துக்குமேல் வேண்டும்.
மாவு எந்த அட்டவணையையும் படிக்கவில்லை.

"இதை இட்லின்னு வச்சா
என்னையத்தான் ஆவியில வேக வைப்பாக"
என்று திருப்பி அனுப்பினார் சாத்தையா.
இரண்டு நாள்.
மூன்றாம் நாளும்.

திரும்பி வந்ததை ஊத்தப்பமாக்கி
மீனாளுக்கும் நாலு கொண்டுபோனேன்.
என்ன இது திடீர் விருந்து என்றாள்.
சொன்னேன்.
சிரித்தாள், புரையேறும்வரை.
சலுகைன்னு நினைச்சு ஒரு மாசம் வயிறெரிஞ்சேனே!

மறுநாள் ஆறுக்கு
சுவர்மேலிருந்து மஞ்சள் வயர் ஒன்று
வெட்கமில்லாமல் இறங்கியது.
எனக்கு எந்நேரமும் ஒரே விலைதானே,
ஓடுற யூனிட்டுக்குக் காசு குடுத்துரு,
தினம் ஒரு கிண்ணம் மாவு,
சனிக்கிழமை பணியாரம்.
பேரம் அங்கேயே முடிந்தது.

தையில் பெனிட்டா வந்தாள், முகமெல்லாம் வெளிச்சம்.
என் கோட்டைக் காட்டினாள்.
ஆறு மணிக்கு அது இறங்குகிறது,
கோடையில் கண்மாய் இறங்குவதுபோல.
"விலைக்கு இவ்வளவு அசைஞ்ச வீடு
இந்தப் பக்கத்துலயே இல்லக்கா."
என் வீடு அசையவில்லை.
ஒரு பிளக் அசைந்தது, எட்டடி.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்:
பக்கத்து வீடுதான் பிடிபடவில்லை,
அவர்களுக்கு விலையே மாறவில்லை,
ஆனால் ஆறானால் குன்றுபோல் ஏறுகிறது.
மீனாள் டிவி என்றாள்.
சீரியலில் கல்யாணம் நடக்கிறது,
பத்து நாளாக முடியவில்லை என்றாள்.
பெனிட்டா குறித்துக்கொண்டாள்.
வயரின்மேல் நாங்கள் ஒரு துண்டு காயப்போட்டிருந்தோம்.

இதில் பூட்டிக்கிடக்கும் இரண்டாம் பங்குக்கு,
சிங்கப்பூரிலிருக்கும் முதலாளிக்கு,
குறுஞ்செய்தி போயிருக்கிறதாம்:
உச்ச நேரத்தில் சிறப்பாகச் சேமித்தீர்கள், நன்றி.

பணியாரம் வைத்தேன்.
இரண்டாவதை மென்றுகொண்டே அவள்
அந்தத் துண்டைப் பார்த்தாள்,
துண்டுக்குக் கீழே நீளும் மஞ்சளைப் பார்த்தாள்,
டேப்லெட்டில் எதையோ தட்டினாள்,
அழித்தாள்.
மறுபடி தட்டினாளா, தெரியாது,
சட்னி எடுக்க நான் உள்ளே போயிருந்தேன்.

ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் சொன்னாள்:
"பனி ஈரத்துல வெறும் வயர் ஆகாதுக்கா.
பைப்புக்குள்ள விட்டு இழுங்க."