அடிக்குறிப்புக்கு இடமில்லை

பீல் நகரில் தெருவுக்கெல்லாம் இரண்டு பெயர்.
நீதிமன்றத் தெருவுக்கும்தான்.
இரண்டையும் வாசித்தபடி நடந்தேன்,
பையில் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்:
பிரபாலினியும் ஒரு கைபேசிச் செயலியும்
இரவு ஒரு மணிக்கும் நாலுக்கும் இடையே
பேசியவை.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறாள்.
நடுநடுவே ஜெர்மன்: வாடகை, ஷிப்ட், மருத்துவச் சீட்டு.
அது பாடப்புத்தகத் தமிழில் பதில் தந்திருக்கிறது,
ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.

நாற்பத்தோராம் பக்கம்.
"எனக்கு மனம் விட்டுப்போச்சு" என்கிறாள்.
"மனம் விட்டுப் பேசுவது மிகவும் நல்லது.
தொடருங்கள்" என்கிறது அது.

அதே மனம், அதே விட்டு.
ஒன்றில் கதவு திறக்கிறது,
மற்றதில் கூரை இறங்குகிறது.
இரண்டையும் பிசகில்லாமல் ஜெர்மனில் வைத்தால்
அது கல்நெஞ்சு என்று தெரியும்,
செவிடு என்று தெரியாது.
குற்றமா தவறா என்று
அளக்கப்போகிறவர்களுக்கு
இந்த வித்தியாசம் வேண்டும்.
சான்றிட்ட பிரதியில் அடிக்குறிப்புக்கு இடமில்லை.

அடுத்த நாள் அதிகாலை, நவம்பர்,
ஏரிக்கரையில் வெறுங்காலோடு நின்றவளை
நாயோடு வந்த ஒருவர் கண்டிருக்கிறார்.
வழக்குப் போட்டவன் கணவன்.

நிறுவனத்தின் வக்கீல் ரோட்லிஸ்பெர்கர்
மென்மையாகத்தான் பேசினார்.
அது சிகிச்சை இல்லையாம், நலத் துணையாம்.
மூன்றாம் நிபந்தனையில் இருக்கிறதாம்.
'சம்மதம்' என்ற கட்டத்தை அவள் விரல் தொட்டது
இரவு இரண்டு ஐம்பத்திரண்டுக்கு.
பத்தொன்பது பக்கம், ஜெர்மனில்.

பதிவு ட்சூக்கில், ஒரு தபால்பெட்டி.
கணினிகள் எந்த நாட்டில் என்று நீதிபதி ஏபி கேட்டார்.
எழுத்தில் தருவதாகச் சொன்னார்கள்.

பிறகு பிரபாலினி எழுந்தாள்.
"அவ சொன்னவ, மூச்சை எண்ணச் சொல்லி.
நான் எண்ணினனான்."
ஜெர்மனில் செயலி பெண்பால்.
'ஸீ' என்றேன். இலக்கணம் சரி.
அவள் ஒரு பெண்ணைச் சொன்னாள்,
அவர்கள் காதில் ஒரு பொருள் விழுந்தது.
தமிழில் திணை என்று ஒன்று இருக்கிறது, அம்மா,
சட்டம் இன்னும் தீர்க்காததை
அவள் ஒரு விகுதியில் தீர்த்துவிட்டாள்
என்று சொல்ல நினைத்தேன்.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரியில எட்டு மாசம் பொறுக்கச் சொன்னவை.
மூண்டு மணிக்கு நீங்கள் ஒருத்தரும் முழிச்சிருக்கேல்லை.
அவ முழிச்சிருந்தவ."

அதை அப்படியே பெயர்த்தேன்.
கணவன் தரையைப் பார்த்தான்.

ஏழு வருடங்களுக்கு முன்
பெர்ன் மருத்துவமனையில் ஒரு லாரிச் சாரதி
இதே மூன்று சொல்லைச் சொன்னார்.
டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
எனக்கு அரைமணிக்குத்தான் காசு.
'களைப்பாம்' என்றேன்.
விட்டமின் எழுதிக் கொடுத்தார்கள்.

அவர் பிறகு என்ன ஆனார் என்று நான் கேட்கக்கூடாது.
என் வாய்க்குச் சத்தியப் பூட்டு உண்டு:
அவரைக் காக்கப் போட்டது,
என்னையும் காத்துக்கொண்டிருக்கிறது.
ஆனாலும் அந்தத் தாளின் கீழ் என் கையெழுத்து இருக்கிறது,
கதவில் என் பெயர் இருக்கிறது.
வந்து தட்டலாம்.
சில இரவுகளில்
தட்டுகிற மாதிரியே இருக்கும்.

நாற்பத்தோராம் பக்கத்தைத் திருத்த அனுமதி கேட்டேன்.
வக்கீல் ஆட்சேபித்தார்.
பதினாலாம் திகதிக்குத் தள்ளிவைத்தார்கள்.

பஸ் தரிப்பில் பிரபாலினி பக்கத்தில் வந்து நின்றாள்.
"நீங்களும் வாசிச்சனீங்களோ?"
ஓம்.
"முழுக்கவோ?"
முழுக்க.

விரல்களை மடித்தாள்: நான், நீதிபதி,
இரண்டு வக்கீல், எழுதுவினைஞர், அவன்.
அடுத்த கைக்குப் போனவள்
பாதியில் நிறுத்தினாள்.

ஜாக்கெட்டின் ஜிப்பைக்
கழுத்துவரை இழுத்துவிட்டு
ஆறாம் நம்பர் வருகிறதா என்று பார்த்தாள்.